பெத்லகேம் மணல்

கோரமண்டல் என்ற தங்கச் சுரங்க ஊரில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் வானத்துக்கு முன்னால் டம்ப்தான் தெரியும். சுரங்கத்திலிருந்து வந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த தண்ணீரில் ஊறவைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டியே எழுந்த மலை அது. காலையில் சாம்பல் நிறம், உச்சி வெயிலில் வெள்ளை, சாயங்காலம் இளஞ்சிவப்பு. முதன்முறை ஊருக்கு வந்த என் தங்கை அதைப் பார்த்துவிட்டு, இங்கே பனிமலை இருப்பதை ஏன் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டாள். நான் சிரித்தேன். உண்மையில் எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது.

ஆடி பிறந்தால் அந்த மலை எங்கள் வீட்டுக்கு விருந்தாட வந்துவிடும். அரிசியில், தலையணையில், ரசத்தில், காயப்போட்ட துணியில் என்று எங்கும் அதே மெல்லிய மாவு. கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி வைத்தாலும் நுழைந்துவிடும். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. காற்று எழும்பினால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். பூனைக்குட்டி கத்துவதுபோல் நெஞ்சுக்குள் ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் அந்த மலையை இரண்டு கையாலும் அள்ளிக் கடலில் போட வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வரும்.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாயிருந்த காலம் அது. அப்போதுதான் டம்பின் மேல் செடி வைக்கிற வேலை வந்தது. அரசாங்கத் திட்டம், மண்ணைக் கட்டிப்போட்டால் தூசி பறக்காது, பிறகு அந்த இடத்தை வேறு எதற்காவது பயன்படுத்தலாம் என்பது யோசனை. தினக்கூலிக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள். என் கணவர் தொழிற்சாலையில் சம்பளக்காரர்; நான் மண் சுமக்கப் போவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நான் கூலிக்காகப் போகவில்லை. அந்த மலையை என் கையாலேயே மூடிவிட வேண்டும் என்று போனேன்.

மேலே ஏறினால் வேறு உலகம். பறவை கிடையாது, எறும்புகூடக் கிடையாது. காலடியில் மழை அறுத்துவிட்ட ஓடைகள், அவற்றில் மஞ்சள் கறை. கீழே மாரிகுப்பம் ரயில் தீப்பெட்டி வரிசைபோலச் சத்தமில்லாமல் போகும். வெயிலில் எல்லாமே லேசாக நடுங்கும். பக்கத்தில் குழி வெட்டுகிறவள் பேசினால்கூட எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் இருக்கும். குழி வெட்டி, வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணும் தொழு உரமும் நிரப்பி, அதில்தான் புங்கையும் சவுக்கும் வைப்போம். டம்பு மண்ணில் நேராக வைத்தால் ஒரு வாரத்தில் கருகிவிடும். செம்மண் முடிகிற இடத்தில் வேர் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. நான் ஒவ்வொரு செடியிடமும், கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள் தாயே என்று கெஞ்சுவேன்.

எங்களுக்கு மேலே ஒரு இளம் அதிகாரி இருந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எங்களிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் செம்மண் குழியின் ஓரத்தில் ஒரு எறும்பைப் பார்த்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். இங்கே ஒருநாள் பூங்கா வரும், நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்பீர்கள் என்பார். நாங்கள் கேலி செய்வோம். ஆனால் அன்று ராத்திரி எனக்குக் கனவில் அந்தப் பூங்கா வந்தது. என் மகள் அதில் ஓடிக்கொண்டே இருந்தாள், மூச்சு வாங்காமல்.

அவருக்கு ஒரு கட்டளை மட்டும் மாறாது. வேலை முடிந்ததும் கைகால் கழுவி, முந்தானையை உதறிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

"ஒந்து பிடி மண்ணுகூட மனெக்குப் போகக்கூடாதம்மா. இதுல விஷம் இருக்கு" என்பார், பாதிக் கன்னடத்தில்; ஒரு பிடி மண்கூட வீட்டுக்குப் போகக்கூடாதாம்.

தலையாட்டுவோம், பிறகு எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். தகரத்தின் மேல் உட்கார்ந்து அந்த மேட்டில் சறுக்கி விளையாடித்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பாதி வீட்டில் பாத்திரம் துலக்குவதே அந்த மண்ணால்தான்.

மார்கழி வந்தது. எங்கள் லைன்களில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை கட்டுவது டம்பு மண்ணில்தான். அது தலைமுறை வழக்கம். அவ்வளவு நயமான மாவு வேறு எங்கும் கிடைக்காது. நனைத்துப் பிசைந்தால் விரல் சொல்கிறபடி நிற்கும். காய்ந்தால் நிஜப் பாறைபோல வெடித்துக்கொள்ளும். என் கணவர் கட்டும் பெத்லகேமைப் பார்க்க ஆண்டர்சன்பேட்டையிலிருந்தெல்லாம் வருவார்கள். அந்தப் பதினைந்து நாளும் மனிதருக்குக் கால் தரையில் பாவாது.

"தெனம் மேலதான கீற. ஒரு பை எடுத்தாந்துடேன்" என்றார்.

எடுத்து வந்தேன். சாப்பாட்டுப் பையின் அடியில் மண், அதன் மேல் டிபன் பாக்ஸ். அதிகாரிக்கு எதிரிலேயே கையைக் கழுவி, முந்தானையை உதறி, வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினேன். திருடுகிற மாதிரியே தோன்றவில்லை. விஷம் என்பது ஆடிக் காற்றில் வருகிற தூசி. குழந்தை இயேசுவின் காலடியில் ஈரமாக உட்காரப்போகிற மண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இப்படித்தான் நினைத்தேன். இன்றும் அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அந்த வருடத்துக் குடில்போல் முன்பும் இல்லை, பின்பும் இல்லை. வெள்ளை மலைகள், கண்ணாடித் துண்டில் ஒரு குளம், கொட்டாங்கச்சியில் முளைக்கவிட்ட கேழ்வரகுப் பயிர், நீல பல்பு. விளக்கை அணைத்தால் அறை முழுக்க நிலா வெளிச்சம்போல் ஆகிவிடும். என் மகள் அதன் முன்னால்தான் பாய் போட்டுப் படுத்தாள். மூன்று ராஜாக்களின் ஒட்டகங்களைத் தினம் ஒரு சாண் நகர்த்துவது அவள் வேலை. கிறிஸ்துமஸ் கழிந்து ஜனவரி ஆறில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று அவை மாட்டுத்தொழுவத்துக்கு வந்து சேர வேண்டும்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே இழுப்பு தொடங்கியது. வருடா வருடம் மார்கழியில் வருவதுதான்; பனி என்று நினைத்துக் கதவு ஜன்னலை இன்னும் இறுக்கிச் சாத்தினேன். இந்த முறை உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு, மூச்சு சீரானதும் டாக்டர் என்னை உட்காரவைத்துக் கேட்டார். எப்போதெல்லாம் வருகிறது? ஆடியில், பிறகு கிறிஸ்துமஸுக்கு என்றேன். கிறிஸ்துமஸுக்குத்தான் ரொம்ப அதிகம் என்றும் சொன்னேன்.

"ஆடியில காத்து. இப்பதான் காத்தே இல்லியேம்மா. வீட்டுக்குள்ள இன்னா கீது?" என்றார்.

 பூனை இல்லை, கோழி இல்லை, விறகடுப்பும் இல்லை என்று ஒப்பித்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், கொல்லையில் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தேன். மகள் குடில் முன்னால் குப்புறப் படுத்திருந்தாள். முகம் மணலை ஒட்டி இருந்தது. கன்னத்தை உப்பி ஊதினாள். காய்ந்த மலையிலிருந்து வெண்மையாக ஒரு புகை எழுந்து, ஜன்னல் வெயிலில் மின்னி, மெதுவாக அவள் தலைமேலேயே இறங்கியது. அவள் மறுபடி மூச்சை உள்ளே இழுத்தாள். ஒரு கணம் அது எவ்வளவு அழகாக இருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

"இன்னா பண்ற பாப்பா?" என்றேன்.

"பாலைவனத்துல காத்து அடிக்கணும்ல மா? ஒட்டகத்தோட காலடிய அழிக்கிறேன்."

தினமும் அழித்திருக்கிறாள். போன வருடமும், அதற்கு முந்தின வருடமும். அவள் மூச்சுக்காக மலையேறிச் செடி வைத்த நான்தான் அந்த மலையைப் பையில் போட்டுக் கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேராக வைத்திருக்கிறேன். அவளை வாரி எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னதும், அப்படியெல்லாம் இருக்காது, எங்கள் அப்பா காலத்திலிருந்து கட்டுகிறோம் என்று சண்டைக்கு வந்தார். நானும் விடவில்லை. பிறகு அவரே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, தூசி எழாமல் மலைகளை நனைத்து, ஒவ்வொன்றாகக் கலைத்தார். ஒட்டகங்கள் தொழுவத்துக்கு இன்னும் எட்டுச் சாண் தூரத்தில் நின்றன. அவற்றைத் துடைத்து மகளின் கையில் கொடுத்தார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த மண்ணை எங்கே கொட்டுவது? சாக்கடையில் கொட்டினால் அதுவும் யாரோ ஒருவர் வீட்டுக்குத்தானே போகும். மறுநாள் அதே பையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், வேலையைவிட்டு அனுப்புவார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: இன்னும் எத்தனை வீட்டில் குடில் இருக்கிறது? நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். அன்று நாங்கள் யாரும் குழி வெட்டவில்லை. வேலை செய்த பெண்கள் எல்லோரும் லைன் லைனாகப் போய்க் கதவைத் தட்டினோம். சிலர் சிரித்தார்கள், சிலர் சாமி காரியத்தில் கை வைக்காதே என்று ஏசினார்கள், சிலர் பேசாமல் வாளியை எடுத்தார்கள். நான் கொண்டுபோன மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, மேலே செம்மண் போட்டு ஒரு புங்கங்கன்று வைத்தோம்.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். திட்டமும் எங்கேயோ ஒரு கோப்புக்குள் தூங்கப் போய்விட்டது. அதிகாரி மாற்றலாகிப் போனார். பெஞ்சும் வரவில்லை, கடலையும் வரவில்லை. வைத்த செடிகளில் பாதி கருகிவிட்டன. மீதி இருப்பவை வாசலிலிருந்து பார்த்தால் வெள்ளையில் ஒரு பச்சைக் கறையாகத் தெரியும்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு என் கணவர் செம்மண்ணில் மலை கட்டினார். கரடுமுரடாக இருந்தது; பார்க்க வந்தவர்கள் மரியாதைக்கு நன்றாயிருக்கிறது என்றார்கள். மலை முழுக்கக் கேழ்வரகு விதைத்து, காயாமல் தினம் தண்ணீர் தெளித்தோம். மகள் ஒட்டகங்களைப் பயிருக்குள் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இந்த வாட்டி காத்து அடிக்கலாமா?"

"ஊது" என்றேன்.

கன்னத்தை உப்பி ஊதினாள். பயிர் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.