பாவாடையைப் பிடித்தவள்

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம், வருத்தமில்லை. ஆனால் போன கார்த்திகைக்கு நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காளையார்கோவில் பக்கம் எங்கள் ஊர். திருக்கார்த்திகை அன்று பொழுது சாய்ந்ததும் சிவன் கோவில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவார்கள். பனைமரத்துண்டை நட்டு, உச்சி வரை காய்ந்த ஓலையைக் கட்டித் தீ வைப்பார்கள். வீடு வீடாகப் போய் ஓலை வாங்கி வருவது பிள்ளைகள் வேலை. எரிந்து சாய்ந்ததும் கருகிய மட்டையைப் பாய்ந்து எடுப்பதும் பிள்ளைகள்தான், அதை வயலில் ஊன்றினால் பயிரில் பூச்சி அண்டாது என்பார்கள். அதற்கு இரண்டிரண்டு பேராகச் சேருவோம். மரம் சாயும்போதே ஆசையில் ஓடிவிடுவோம், உச்சியில் எரிகிற கட்டு அப்போதுதான் கழன்று விழும். அதனால் ஒருத்தி ஓடத் தயாராக நிற்க, மற்றவள் அவள் பாவாடையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாள்.

என்னைப் பிடிக்கிறவள் பக்கத்து வீட்டுச் செல்வி. நான் எவ்வளவு திமிறினாலும் "உச்சி விழட்டும்டி, உச்சி விழட்டும்டி" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், விடமாட்டாள். ஆறாம் வகுப்பில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அன்று அழுத அழுகையை நான் அப்புறம் யாருக்கும் அழுததில்லை. மட்டை எடுக்கவும் போகவில்லை.

போன வருடம்தான் என் மகள் நிலாவைக் காரைக்குடியிலிருந்து முதல் தடவையாகக் கூட்டிப்போனேன். ஒன்பது வயது. ஓலை இழுத்து இழுத்துக் கையெல்லாம் கீறல், ஆனாலும் ஒரே குஷி. இப்போது யாரும் ஜோடி சேருவதில்லை, நானும் அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றேன், என் புத்தியை என்ன சொல்ல. மரம் சாய்ந்தது, நிலா எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினாள், நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நடுவழியில் யாரோ இழுத்ததுபோல நின்றாள். அவள் பாவாடை பின்பக்கம் விறைப்பாக நீண்டிருந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம்தான். எரிகிற உச்சிக்கட்டு அவளுக்கு இரண்டடி முன்னால் விழுந்தது.

ஓடிப்போய் அள்ளிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

"அந்த அக்கா என்னய விடவே இல்லம்மா," என்றாள். "உச்சி விழட்டும்டி, உச்சி விழட்டும்டின்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

நம்பினால் நம்புங்கள், செல்வியைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "என்னயப் பத்தி எதுவும் கேட்டுச்சா?"

"மரம் எரியறப்பவே எம் பின்னால வந்து நின்னுச்சு, அப்ப நான்தான் ஒன்னயக் காட்டுனேன், அதுதான் எங்கம்மான்னு. ரொம்ப நேரம் பாத்துச்சும்மா. அப்பறம், 'கண்ணாடி போட்ருக்காகளே, அவுகளா? நான் பாத்ததே இல்லையே'ன்னுச்சு."

பிள்ளை பிழைத்ததே, இன்னும் என்ன வேண்டும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனாலும் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை செல்வி முன்னால் நின்றிருக்கலாமே என்று இருக்கிறது.