மண்டபத்து விசிறியின் சூடு

ஏசிக்காரனை ஊர் நினைப்பது வேர்க்கும்போது மட்டும்தான். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

விசிறி சுடுமா?

தொண்ணூறுகளில் வெள்ளகோவிலில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஏசி போட்டேன். முதல் முகூர்த்தமே உரிமையாளர் பழனிசாமியின் மகளுடையது. குளிராவிட்டால் சம்பந்தி வீட்டார் முன் அவர் தலைகுனிய வேண்டும். நான் அந்தப் பக்கம் தலையே காட்ட முடியாது. ஆள், விளக்கு, வெயில் எல்லாவற்றோடும், காற்றைத் தள்ளும் பெரிய விசிறி தரும் சூட்டையும் கணக்கில் சேர்த்திருந்தேன். கணக்கைப் பார்த்த பழனிசாமி சிரித்துவிட்டார். "ஏனுங்க, வேர்த்தா விசிறிக்கிறோம். விசிறியே சுடும்னா எப்படீங்க?"

மச்சானின் உதவி

கல்யாணத்துக்கு முந்தைய நாள் ஓட்டிப் பார்த்தால் மண்டபம் குளிரவில்லை. என் கணக்கில்தான் பிழை என்று முடிவே கட்டிவிட்டேன். அது என் சுபாவம். மேலே ஏறி, விசிறிக்கு முன்னும் பின்னும் வெப்பமானி வைத்தேன். நன்றாகக் குளிர்ந்து வந்த காற்று, விசிறியைக் கடந்ததும் நான் கணித்ததைவிட அதிகமாகச் சூடேறியிருந்தது. பார்த்தால், விசிறியில் பெல்ட் ஓடும் சக்கரம் நான் மாட்டிய புல்லியே இல்லை, வேறொன்று.

பழனிசாமியின் மச்சான் துரைசாமி கோவையில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். பெருமையோடு சொன்னார்: "கடைசி வரிசைக்குக் காத்து பத்தலைங்க. சின்ன புல்லியும் பெரிய மோட்டாரும் மாட்டி வேகத்தை ஏத்திப்போட்டேன்!"

வால்வை மூடினால்

வேகம் கொஞ்சம் கூடினாலும் மோட்டார் அதைவிட வெகு அதிகமாகக் கரண்டை இழுக்கும், அத்தனையும் காற்றில் சூடாகத்தான் சேரும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்பதாயில்லை. கடைசியில், "வால்வை மூடிட்டு பம்பை ஓட்டுனா உள்ள இருக்கிற தண்ணி என்னாகுங்க?" என்றேன்.

"கொதிச்சுப்போகுமுங்க" என்றவர், சட்டென்று நிறுத்தி விசிறியைப் பார்த்தார். பம்புக்குப் பேர்போன கோவைக்காரரிடம் இதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா நான்? துரைசாமி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "உடுங்க, பழசை நானே மாட்டிப்போடறேன்."

முகூர்த்தம்

கடைசி வரிசைக்குப் போகும் காற்றுக் குழாயின் தடுப்புத் தகட்டை நான் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவைத்தேன். மறுநாள் தாலி கட்டும் நேரம், சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பழனிசாமி மேடையிலிருந்தே என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் லேசாக நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போது எனக்குப் பின்னால், துரைசாமி மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நேத்து குளிரவே இல்லீங்க. நாந்தான் புல்லியை மாத்துனேன். இப்பப் பாருங்க!"

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.