பிசையாத சோறு

திருமழிசைத் தொழிற்பேட்டையின் கடைசி ஷெட்டைத் தாண்டி வயலோரமாக நடக்கும்போதும் பிரஸ் மெஷின் அடிக்கிற சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தகரத்தில் வாஷர் அடிக்கும் கம்பெனி அது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, மூலையில் இருந்த மெஷினைக் காட்டி, "நாளைலேர்ந்து இதுல நீ நில்லு" என்றார்.

அதற்கு முன் அந்த மெஷினில் நின்றவர் அண்ணாத்தே. முந்தைய மாதம் அது அவருடைய வலது கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற விரல்களை எடுத்துக்கொண்டது. அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, புதிதுபோல வைத்திருந்தார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து அதைத்தான் செய்துவந்தேன். லாரியில் கிளீனர், நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணை, எண்ணூரில் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கிய விடுதியின் சமையல்கட்டு என்று எங்கெங்கோ இருந்தேன். ஒரு பொங்கலுக்கு இருந்த வேலையில் அடுத்த பொங்கலுக்கு இருந்ததில்லை. அன்றைக்கும் பெரிய யோசனை எதுவும் இல்லை. பருத்திப்பட்டுக்குப் போய்ப் பையை எடுப்பது, ஆவடியில் ரயிலேறுவது, எங்கே இறங்கத் தோன்றுகிறதோ அங்கே இறங்குவது.

பை அண்ணாத்தே வீட்டில் இருந்தது. ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம், ஒரு அறையும் முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சாய்ப்பும் உள்ள வீடு. சாய்ப்பில் சின்ன வாடகைக்கு நான் படுத்துக்கொள்வேன், உள்ளே அவரும் அண்ணியும். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருடைய பெற்றோரும் அதே ஏரிப் பாசன நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நிலமெல்லாம் மனையானபோது அண்ணாத்தே கம்பெனிக்கு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "எங்கடா படுக்கற? பஸ் ஸ்டாண்ட்லயா? ஊட்டுக்கு வா" என்று கூட்டிக்கொண்டு போனவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. டீயில் தோய்த்த பன், பொறை ரொட்டி, அவ்வளவுதான். கட்டு மாற்றப் போனபோது டாக்டர் அண்ணியிடம் நேராகவே சொல்லிவிட்டார். உடம்பில் சத்து இல்லை, சாப்பிடாவிட்டால் புண் மூடாது, மூடாவிட்டால் மணிக்கட்டோடு எடுக்க வேண்டி வரும். கட்டைப் பிரித்தால் சாய்ப்பு வரைக்கும் நாற்றம் வந்தது.

பசி இல்லாமல் இல்லை அவருக்கு. சோறு என்றால் குழம்பை ஊற்றிப் பிசைய வேண்டும். பிசைகிற கை போய்விட்டது. இருக்கிற கை, கால் கழுவுகிற கை. அதைச் சோற்றில் வைக்க அவரால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணி பிசைந்து ஊட்டியபோது மயக்கத்தில் வாயைத் திறந்தவர், வீட்டுக்கு வந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டார். பிசைந்த சோற்றில் அண்ணி ஸ்பூனைப் போட்டு வைத்தாள். "கொயந்தைக்குப் பெசஞ்ச மாதிரி பெசஞ்சி வச்சிக்கீற" என்று தட்டை நகர்த்தினார். அவர் சாப்பிடாததால் அவளும் அவருக்கு முன்னால் சாப்பிடுவதில்லை. பின்பக்கம் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவாள்.

பூந்தமல்லி மார்க்கெட்டுக்குள் நுழைந்தபோது சாயங்காலம். மீன்காரம்மா ஒருத்தி கூடையின் அடியில் மிச்சமிருந்த சின்ன இறாலைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசி அள்ளு நைனா, வாரிக்கினு போ" என்றாள். அதைப் பார்த்ததும் எண்ணூர் விடுதி நினைவுக்கு வந்தது. அங்கே சமையல்காரர் இறால் போட்டு மக்ரோனி செய்வார். அதைச் சாப்பிட்ட யாரும் கையைத் தட்டில் வைத்ததில்லை. அதில் ஊற்ற ஒன்றும் இல்லை, பிசைய ஒன்றும் இல்லை. அது ஸ்பூனுக்காகவே உண்டான சாப்பாடு. போவதற்கு முன்னால் ஒரு வேளையாவது அந்த மனிதர் வயிற்றில் ஏதாவது விழட்டும் என்று இறாலைத் தாமரை இலையில் கட்டி வாங்கிக்கொண்டேன்.

மக்ரோனி பருத்திப்பட்டு முனைக் கடையில் கிடைத்தது. ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்காரர்கள் கேட்பதால் அந்தக் கடைக்காரர் அதைச் சேமியாவுக்குப் பக்கத்தில் மூட்டையில் வைத்திருந்தார். நிறுத்துக்கொண்டே, "ஊட்ல கொயந்தைங்க கீதா?" என்றார். "பெரியவருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார்.

இலையைப் பிரித்ததும் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அறிவு கீதா உனுக்கு? பச்சப் புண்ணுக்கு எவனாச்சும் எறா வாங்கியாருவானா? கரப்பான்டா அது. சீழு வச்சிடும். வெராலு மீனு வாங்கியாந்திருக்கக் கூடாது?"

எனக்கு அது தோன்றவே இல்லை. புண் இருக்கிற வீட்டில் இறால், கருவாடு, கத்தரிக்காய் எதுவும் ஆகாது என்று தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. இறால் பண்ணையில் இருந்தபோது காலில் அடிபட்டால் நாங்களே அதைத் தொட மாட்டோம். சாப்பிட வேண்டும் என்பதற்காக வாங்கிக்கொண்டு, சாப்பிடக்கூடாததை நடந்து சுமந்து வந்திருந்தேன். இலையை மடித்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன்.

உள்ளே கட்டிலிலிருந்து அண்ணாத்தேவின் குரல் வந்தது. "ஏய், கீறத ஆக்கு. வெரலே பூட்ச்சி, இனிமே இன்னா சீழு."

"நீ சும்மா கெட."

"சும்மாதான கெடக்கறேன். ஆக்குன்றேன்."

அவராக ஒன்றைச் சமைக்கச் சொன்னது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. அண்ணி என்னைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள். பிறகு அலுமினியச் சட்டியில் தண்ணீர் பிடித்துவந்து பம்ப் ஸ்டவ்வில் வைத்தாள்.

நான் இறால் உரிக்க உட்கார்ந்தேன். ஓட்டைக் கழற்றி, முதுகைக் கீறி, கறுப்பு நரம்பை இழுத்துப் போட்டேன். தலைகளை எறியப் போனபோது அண்ணி கிண்ணத்தை நீட்டி வாங்கிக்கொண்டாள். அடுத்த நாள் கத்தரிக்காய் போட்டுத் தனக்கு ஒரு குழம்பு வைக்கலாம் என்றாள். கொதித்த தண்ணீரில் உப்பும் மக்ரோனியும் போட்டேன். எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாடா இது, ரப்பர் ட்யூப வெட்டிப் போட்ட மாதிரி கீது?"

"வெள்ளக்காரன் துன்றது அண்ணி."

"அதான் அவன் ஊட்ட உட்டுட்டு இங்க ஓடியாந்துட்டான் போல."

கட்டிலிலிருந்து மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. அண்ணி திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

வெந்ததும் சோறு வடிப்பதுபோலவே மூடி போட்டுச் சட்டியைச் சாய்த்து வடித்தாள். அந்தத் தண்ணீரையும் கொட்ட விடவில்லை, கஞ்சி என்று எடுத்து வைத்தாள். விடுதியில் வெண்ணெயும் பாலும் மைதாவும் போட்டு வெள்ளையாகச் செய்வார்கள். எங்களிடம் இருந்தது கடலை எண்ணெய். பூண்டைத் தட்டிப் போட்டு, வெங்காயம், தக்காளி, கொஞ்சம் மிளகாய்த்தூள். இறால் சுருண்டு சிவந்ததும், அதற்கு மேல் ஒரு நிமிடம் வைத்தாலும் ரப்பராகிவிடும் என்பதால், மக்ரோனியைக் கொட்டி ஒரு கிளறு கிளறி இறக்கினேன். "எறா வெசத்த ஒடைக்கட்டும்" என்று அண்ணி கடைசியில் மஞ்சளையும் மிளகையும் கை நிறையத் தூவினாள். புண்ணுக்கு அவள் செய்ய முடிந்தது அது. ஸ்டவ் அணைந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் முழுதாகப் போகவில்லை.

வீட்டில் இரண்டு ஸ்பூன்கள் இருந்தன. ஒன்று சர்க்கரை டப்பாவில், ஒன்று உப்பு ஜாடியில். இரண்டையும் கழுவினேன். அண்ணாத்தே கட்டிலிலிருந்து இறங்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அண்ணி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று வெளியே போனாள். குழாயில் அந்த நேரத்தில் தண்ணீர் வராது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அவர் இடது கையில் ஸ்பூனை எடுத்தார். முதல் தடவை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் பாதி விழுந்தது. நான் பார்க்காததுபோல இருந்தேன். இரண்டாவது வாய்க்குள் போனது. மென்றார். தொண்டை ஏறி இறங்கியது. அப்புறம் ஒன்று.

அப்போது நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று என் ஸ்பூனையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டு சாப்பிடத் தொடங்கினேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"டேய், உன் சோத்துக்கை இன்னாச்சி?"

"ஒண்ணும் ஆவல அண்ணாத்தே."

"அப்பால இன்னாத்துக்குப் பீச்சாங்கைல துன்ற?"

ஸ்பூனை வலது கைக்கு மாற்றப் பார்த்தேன்.

"நக்கலா? நொண்டிய பாத்து நொண்டிக் காட்றியா?"

ஸ்பூனைத் தட்டில் போட்டார். தட்டு சரிந்து, நாலைந்து மக்ரோனி தரையில் உருண்டது. குடத்தோடு வாசலில் நின்ற அண்ணியின் நிழல் உள்ளே விழுந்திருந்தது. அது அசையவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எழுந்து பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று காலை ஊன்றினேன்.

"குந்து" என்றார். "ஸ்பூன கீய வை. கையால துன்னு."

வைத்தேன். வலது கையால் மக்ரோனியை அள்ளினேன். வழுக்கியது. விரல்களைக் குவித்து, கட்டைவிரலால் தள்ளி வாயில் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை குவிவதையும் விரிவதையும், எண்ணெய் வழிந்தபோது நக்கியதையும். அந்த மாதம் முழுக்க அந்த வீட்டில் யாரும் அவருக்கு முன்னால் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் அருவருத்தாரா, ஏங்கினாரா என்று எனக்குத் தெரியவில்லை. எச்சில் விழுங்குவது மட்டும் தெரிந்தது.

"மெல்லமா துன்னுடா. எவன் புடுங்கறான்?"

மெதுவாகச் சாப்பிட்டேன். எப்போது ஸ்பூனைத் திரும்ப எடுத்தார் என்று கவனிக்கவில்லை. தட்டில் உரசுகிற சத்தம் கேட்டது. குனிந்து, தட்டை முழங்காலுக்கு அருகே இழுத்து வைத்துக்கொண்டு, சிந்தியதைப் பற்றிக் கவலைப்படாமல் சாப்பிட்டார். இறாலை மட்டும் கடைசிக்கு ஒதுக்கிவைத்துச் சாப்பிட்டார். சட்டியில் இருந்ததையும் வழித்துப் போடச் சொன்னார். கடைசியில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. மிளகு அதிகம் என்றார்.

பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். "என் மிஷின்ல எவன் நிக்கறான்?"

"என்னிய நிக்கச் சொன்னாங்கோ. நான் நிக்கல. வந்துட்டேன்."

"அப்போ ஊர உட்டுப் போவ."

"ஆமா."

"போய்க்கோ. ஒன்ன எவன் கட்டிப் போட்டான்." கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி காதில் விழ வேண்டாம் என்று நினைத்திருக்கலாம், குரலைத் தணித்தார். "ஆனா ஒண்ணு. நீ எதுர்ல குந்திகினு துன்னா எனக்கு எறங்குது. அவ எதுர்ல எறங்கல. அவ என் வாயயே பாத்துகினு கீறா, எப்ப சாவான்ற மாதிரி."

அண்ணி கேட்டுவிட்டாள். வெற்றுக் குடத்தை இறக்கி வைத்தாள். உள்ளே வந்து தரையில் கிடந்த மக்ரோனியைப் பொறுக்கினாள், தட்டுகளை எடுத்தாள், பின்பக்கம் போய்ச் சாம்பல் போட்டு ரொம்ப நேரம் தேய்த்தாள். நான் கை கழுவப் போனபோது தலையைத் தூக்காமலே பேசினாள்.

"கட்டிகினவ நான் கெஞ்சனேன், எறங்கல. வாடகை குட்த்துகினு சாய்ப்புல கெடக்கறவன் எதுர்ல எறங்குது." தண்ணீரை ஊற்றினாள். "இருக்கட்டும். எறங்குதில்ல. அவரு கை பொழைக்கணும். ரெண்டு வேளை நீ இருந்தாப் போதும். மத்தியானத்துக்கு ஊட்டுக்கு வர்ற மாதிரி ஒரு வேல பாரு. பொங்கிப் போடறது என் பாடு. நான் வெளிய குந்திக்கறேன்."

சரி என்று சொன்ன நினைவு எனக்கு இல்லை. ஆவடிக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான். சாய்ப்பில் படுத்தபோது பையைத் தலைக்கு வைத்துக்கொண்டேன். இறாலால் அரிப்பு வருமோ, சீழ் வைக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் இரண்டொரு தடவை முனகினார். அது வழக்கமான முனகல்தானா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காலையில் ஏரிக்கரைக்குப் பின்னால் ஹாலோபிளாக் கல் போடுகிற யார்டுக்குப் போனேன். வீட்டுக்குக் கூப்பிடு தூரம். அங்கே வேலைக்கு நின்றவர்களின் கைகளில் சிமெண்ட் தின்று தோல் உரிந்திருந்தது. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்து, "இதுக்கு முன்னாடி இன்னா வேல?" என்றார். எல்லா வேலையும் என்றேன். கூலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போக விடுவார்களா என்றுதான் கேட்டேன்.

"இன்னா மாமே, புதுப் பொண்டாட்டியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆமாம் என்றேன். விளக்கிக்கொண்டிருந்தால் வெயில் ஏறிவிடும். மேஸ்திரி சாந்துக் குவியலைக் காட்டினார். நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன்.