மெட்ராஸ் ஐ என்று நம்பிய ஆறு நாள்

டாக்டரம்மா சின்ன டார்ச் விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். காலடிப்பேட்டையில் நானும் என் கூட்டாளியும் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை அது. பகல் பன்னிரண்டு மணி. கூட்டாளியின் இடது கண்ணிமையை அவர் விரலால் விலக்கிப் பிடித்திருந்தார். கருவிழியின் மேல் சோற்றுப் பருக்கை ஒட்டியது போல ஒரு வெள்ளை. அதன் நடுவில் துரு நிறத்தில் ஒரு புள்ளி. "ஐயோ" என்றார். ஆறு நாளாக அந்தக் கண்ணுக்கு அவரிடம் ஹோமியோபதி உருண்டை வாங்கி வந்து கொடுத்தவன் நான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓர் ஊரில் இரண்டு வருஷம் தங்கினால் அதிகம். அப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. கூட்டாளி திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் மிஷின் பிடிப்பவன். அந்த வருஷம் மழை விட்டதும் மெட்ராஸ் ஐ வந்தது. தெருவுக்குப் பத்துப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கண் சிவந்தவனின் கண்ணை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. பேசும்போது அவன் காலைப் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள். கூட்டாளி ஒரு சாயங்காலம் கண்ணாடியோடு வந்து நின்றபோது நானும் அதைத்தான் செய்தேன்.

"இன்னா மாமு, உனக்கும் வந்துட்சா?" என்று வாசற்படியைப் பார்த்துக் கேட்டேன்.

"ஆமா மாமு, ஒரே பேஜாரா கீது. கிட்ட வந்து ஒரு முத்தம் குடேன்" என்றான். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். அவன் சிரிப்பு படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

எனக்குப் பயம் கண்ணைப் பற்றி அல்ல. யார்டில் கண் சிவந்தவனை வாசல் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கூலி போய்விடும். அதனால் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பேன். இரண்டு தெரு தள்ளி டாக்டரம்மாவின் கிளினிக். கண் சிவந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் போனார்கள். ஆனால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. "இது பெரும்பாலும் தானாவே சரியாயிடும். என் உருண்டை துணைக்குத்தான். காய்ச்சி ஆறின தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைங்க, துண்டைத் தனியா வையுங்க, கையைக் கழுவுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். முதல் நாளே என்னிடம் இன்னொன்றும் சொன்னார்: "வலி இருந்தாலோ, வெளிச்சம் பட்டா கண் திறக்க முடியலைன்னாலோ, என்கிட்ட வராதே. நேரா கண்ணாஸ்பத்திரி."

ஹோமியோபதியில் கேள்விகள் அதிகம். கண்ணில் வரும் தண்ணீர் எரிகிறதா, மூக்கில் வருவது எரிகிறதா? காலையில் அதிகமா, சாயங்காலமா? தாகம் உண்டா? எந்தப் பக்கம் படுக்கிறான்? எனக்கு எதுவும் தெரியாது. என் பின்னால் வரிசை நின்றது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தாகம் இல்லை என்றேன். வலது பக்கம் படுக்கிறான் என்றேன். "வெளிச்சம் கூசுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதே நாள் அறைக்குள் கூட்டாளி ஜன்னலை மறைத்துத் தன் லுங்கியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். தூங்குவதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் மறுபடி மருந்துக்குப் போனேன். "இன்னொரு கண்ணுக்கும் வந்துதா?" என்றார். இல்லை, ஒரே கண்தான் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆறு நாளாவா? மெட்ராஸ் ஐன்னா இந்நேரம் அடுத்த கண்ணுக்கும் வந்திருக்குமே. என்ன வேலை செய்யறார்?"

"கிரைண்டிங் டாக்டரம்மா."

வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அவர் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. அறைக்குள் போனதும் ஜன்னலில் தொங்கிய லுங்கியை இழுத்துத் தள்ளினார். வெளிச்சம் பட்டதும் கூட்டாளி போட்ட கத்தலில் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பட்டறையில் தெறித்த இரும்புத் தூள் கண்ணில் குத்தி, புண்ணாகி, சீழ் வைத்திருந்தது. ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ என்பதால் அவனும் அப்படியே நம்பியிருந்தான்.

கண்ணாஸ்பத்திரியில் பணியில் இருந்த இளம் மருத்துவரிடம் டாக்டரம்மா நின்றபடியே சொன்னார்: "ஆறு நாளா மருந்து கொடுத்தது நான்தான். கண்ணைப் பார்க்காம கொடுத்தேன்." அந்த மருத்துவர் அவரைத் திட்டவில்லை. ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வெளிச்சம் கூசவில்லை என்று நானாகச் சொன்னதை மறைத்துவிட்டேன். இரும்பை எடுத்தார்கள், மணிக்கொரு முறை சொட்டு மருந்து விட்டார்கள். கண் தங்கியது, பார்வை தங்கவில்லை. தழும்பு விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் அவனுக்குப் பகல் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். அடுத்த மாதமே நான் தூத்துக்குடிக்கு லாரி ஏறினேன்.

பல வருஷம் கழித்துப் போன மாதம்தான் திரும்பி வந்தேன். கூட்டாளி ஒரு லாரி ஷெட்டில் வாட்ச்மேன். டீ குடிக்கும்போது, டாக்டரம்மாவிடம் அன்று வாய்க்கு வந்ததைச் சொன்னதை எல்லாம் அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தெரியும் மாமு. நீ ஊர விட்டுப் போன அப்புறம் டாக்டரம்மா வூட்டுக்கே வந்து கேட்டாங்க. வெளிச்சம் கூசலன்னு நான் சொல்லி அனுப்புனேனா, நீயா சொன்னியான்னு. நான்தான் சொன்னேன்னு அடிச்சு வுட்டேன்."

"ஏன்டா?"

"இன்னா ஏன்டா? வாசல்ல சோறு வச்சது யாரு? உன்னைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

அப்படியானால் இத்தனை வருஷமும் டாக்டரம்மா என்ன நினைத்துக்கொண்டிருந்தார்? நோயாளி தன் நிலையைச் சரியாகச் சொல்லி அனுப்பியும் தனக்குப் புரியவில்லை என்றா? அன்றைக்கே காலடிப்பேட்டைக்குப் போனேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. உட்காராமலே சொன்னேன். தாகம், படுக்கை, வெளிச்சம், எல்லாம் நானாகச் சொன்னது, அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு முறைகூட முகத்தைப் பார்க்கவில்லை என்றேன். அறைவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் மேஜையைப் பார்த்தபடியே பேசினார். "ரெண்டு தெருதான் தம்பி" என்றார். "நீ நெசத்தைச் சொல்லியிருந்தாலும் பொய்யைச் சொல்லியிருந்தாலும், முதல் நாளே நான் நடந்து வந்திருக்கலாம்."

பழியில் பாதி என்னுடையது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன். அவர் கொடுக்கவில்லை.