அரவைத் தொட்டியிலிருந்து வந்த குரல்

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். அண்ணனின் காலர் மைக்கைச் சோதித்துப் பார்க்காமலே மாட்டிவிட்டேன். மற்றபடி இதில் நான் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. நடந்தது இதுதான்.

ஆள் கிடைக்காத அழுக்கு வேலைகளைப் பற்றி டிவிக்காகப் படம் எடுக்கிறோம். அண்ணன் கேமரா. நான் ஒலிப்பதிவு, மாலை வகுப்பில் இப்போதுதான் படிக்கிறேன். இன்று இறைச்சிக் கழிவையும் எலும்பையும் அரைக்கும் ஆலை. நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது.

அங்கே ஒரு விதி. அடியில் இரும்புப் பற்கள் உள்ள அரவைத் தொட்டிக்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு இருந்தால் மெஷின் ஓடாது.

"டிவில என் மூஞ்சி வருமா, எலும்பு மட்டும்தானா?" என்று சிரித்தார் மெஷின்காரர். "இருங்க, உங்களுக்குப் பூட்டு எடுத்துட்டு வரேன்."

அவர் போனதும் அண்ணன் கேமராவோடு உள்ளே இறங்கினான்.

"பூட்டு வரட்டும்ணா."

"ரெண்டு நிமிஷ வேலைடி, பயந்தாங்கொள்ளி."

மணி 3.41. ஹெட்போனில் கரகரவென்று ஒரு சத்தம். எலும்பு நொறுங்கும் சத்தம். பிறகு அண்ணனின் அலறல்.

"குட்டி... நிறுத்து... என் காலு..."

ஹெட்போனைக் கழற்றினேன். ஆலை அமைதியாக இருந்தது. மெஷின் ஓடவில்லை.

மறுபடி மாட்டினேன்.

"குட்டி..."

ஓடினேன். தொட்டிக்குள் அண்ணன் நன்றாகத்தான் நின்றிருந்தான்.

"என்னடி?"

"ஏறு!"

சட்டையைப் பிடித்து இழுத்தேன். பாதி உடம்பு வெளியே வந்தது.

அப்போது பற்கள் சுழன்றன.

அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, பூட்டு இல்லாததைப் பார்த்து சுவிட்சைப் போட்டிருக்கிறார்.

கேமரா நொறுங்கியது. இடது ஷூவும் போயிற்று. கூடவே மூன்று கால்விரல்கள். என் முகமெல்லாம் ரத்தம்.

யாரோ மெஷினை நிறுத்தினார்கள்.

அண்ணன் என் மடியில் வாயடைத்துக் கிடந்தான்.

ஹெட்போனில்... இன்னும் உள்ளே அலறிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

ஆஸ்பத்திரியில் கேட்டேன். "நீ கூப்பிட்டியேண்ணா?"

"நான் எங்கடி கூப்பிட்டேன்?"

பதிவைப் போட்டுக் கேட்டேன். அவன் குரல்தான். கடைசி மூச்சுவரை இருக்கிறது.

அண்ணன் இடுப்பில் மாட்டியிருந்த மைக் பெட்டியைத் திறந்தேன். பேட்டரி வைக்கும் இடம் காலி. பேட்டரிகள் இரண்டும் காலையிலிருந்து என் பையிலேயே இருக்கின்றன.

நாளை: இரண்டு பூட்டு வாங்க வேண்டும். ஒன்று எனக்கு, ஒன்று புதிதாக வரும் கேமராமேனுக்கு.