பொண்டுகளில் ஒரு ஆள் குறைந்தது

வலியசாலையில் எங்கள் தெருவுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. சுப்புலக்ஷ்மி மாமிக்குப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்து நான்கு வருஷம் ஆகிறது. இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருதான் இன்னும் சொல்லவில்லை.

ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் ஆண்டுவிழாவில் தலைவர் சாம்பசிவன் மாமிக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கைப் பிடித்து "ஃபைட்டர், ஃபைட்டர்" என்று முழங்கினார். ஆபரேஷனுக்குப் பிறகு வீங்கிப்போன மாமியின் இடது கை படத்தில் விழாதபடி திரும்பி நிற்கச் சொல்லி, அதை வாட்ஸாப்பிலும் போட்டார். என்ன ஒரு மரியாதை!

அடுத்த மாதமே அவர் மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை வந்தது. ஐந்து சுமங்கலிகளை மடிசாரில் உட்காரவைத்து இலை போடுவார்கள். அவர்களுக்குப் பொண்டுகள் என்று பெயர். முதல் நாளே எண்ணெயும் சீயக்காயும் கொடுத்து அழைக்க வேண்டும். மறுநாள் அவர்கள் தலைக்குக் குளித்து, இலையில் உட்காரும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். நோய் வருமுன் சுப்புலக்ஷ்மி மாமி உட்காராத பிரார்த்தனை இந்தத் தெருவில் நடந்ததில்லை. அந்த இலையில் ஒரு தடவையாவது மறுபடி உட்கார வேண்டும், மாமிக்கு அவ்வளவுதான். பொன்னாடையை எலி கடித்தால்கூடக் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

மடிசார் கட்டும் ஒன்பது கஜத்தைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு மாமி வாசலிலேயே நின்றாள். சாம்பசிவனின் மனைவி கோமதி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, மாமி வீட்டைத் தாண்டி, என் அம்மாவை அழைக்க அடுத்த வீடான எங்கள் வீட்டில் நுழைந்தாள்.

"அங்கஹீனம் இருந்தா ஆகாதுன்னு வாத்தியார் சொல்றார், கேட்டேளா? பின்னே, மாமி ரெஸ்ட் எடுக்கட்டே," என்றாள் என்னிடம்.

சாம்பசிவனுக்குப் பித்தப்பை கிடையாது. எடுத்தாகிவிட்டது. அவர் சிராத்தம் பண்ண எந்தப் புரோகித வாத்தியாரும் தடை சொன்னதில்லை.

மறுநாள் காலை ஐவரில் ஒருத்திக்கு மாதவிலக்கு. நான்கு பேரை வைத்து நடத்த முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் மாமி வீட்டுக்கு ஓடினார்கள். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

"மாமி, நீங்கதான் ரக்ஷிக்கணும். மத்தவாள்ளாம் காப்பி குடிச்சாச்சு, வேற ஆளில்லை," என்றாள் கோமதி.

"வாத்தியார் என்னமோ சொன்னாராமே?"

"அதொண்ணும் நினைக்காதேங்கோ. கேட்டாச்சு, தோஷமில்லையாம்."

நேற்று இல்லாத மார்பு ராத்திரியோடு ராத்திரியாக முளைத்துவிட்டது போலும்!

மாமியின் தலை ஈரமாக இருந்தது. அழைக்காமலே எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறாள். எதிரில் தட்டில் இட்லி, கை படாமல் ஆறிப்போயிருந்தது. இந்த ஜென்மங்களுக்காகப் பட்டினி கிடந்திருக்கிறாளே!

"நல்லவேளை, நீங்க ஒண்ணும் சாப்பிடலை அல்லே?" என்றாள் கோமதி, தட்டைப் பார்த்து.

மாமி கொடியில் கிடந்த ஒன்பது கஜத்தைப் பார்த்தாள். பிறகு இட்லியைப் பிட்டு வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்று விழுங்கினாள்.

"இப்போ சாப்ட்டாச்சு, கோமதி."

அவர்கள் படியிறங்கும்வரை பொறுத்திருந்தாள். அப்புறம்தான் அழுதாள்.