மேகத்துக்கு அடிக்கும் மணி

போரி அக்கா உட்கார்ந்து சாப்பிட்டு எங்கள் சாரஸ்கூத் ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. கையில் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி. வாசலில் நின்றபடி ஒரு கடி, மேற்கே ஒரு பார்வை. புருஷன் போரில் செத்ததும் அவன் பார்த்த மாதாகோயில் மணியடிக்கும் வேலை இவள் தலையில் விழுந்தது. பூசைக்கு யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆலங்கட்டி மேகம் வந்தால் அது விலகும்வரை விடாமல் அடிக்க வேண்டும், அதுதான் கஷ்டம். கூலி, வீட்டுக்கு ஒரு குடம் புதுத் திராட்சைச் சாறு.

பெரிய மணியைப் பீரங்கி வார்க்கப் பட்டாளம் எடுத்துப் போய்விட்டது. மிஞ்சிய சின்ன மணியை வைத்தே பதினேழு வருஷம் எங்கள் திராட்சைக் கொடிகளைக் காப்பாற்றினாள். பாதிரியார் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்பார். மேகம் கறுத்தால் முதலில் ஆளனுப்புவதும் அவர்தான்.

இங்கே அடித்தால் மேகம் குன்று தாண்டி பெர்கெஷ் ஊருக்குப் போகும். அந்த ஊர்க்காரர்கள் சந்தையில் எங்களைக் கண்டால் காறித் துப்புவார்கள். நாங்கள் துடைத்துக்கொண்டு வருவோம். அந்த பெர்கெஷுக்குத்தான் அக்காவின் ஒரே மகள் வில்மா வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளையின் சொத்து ஒரு துண்டுத் தோட்டம், அந்த வருஷம்தான் முதல் காய்ப்பு.

ஜூலையில் ஒரு மத்தியானம் மேற்கே கறுத்தது. மேகத்தின் ஓரம் வெளுத்திருந்தது, ஆலங்கட்டிதான். மணிச் சத்தத்தைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால் அக்கா கோபுரத்தடியில் கயிற்றைப் பிடித்தபடி சும்மா நிற்கிறாள்.

"என்னக்கா, கை மரத்துப்போச்சா?"

"அடிச்சா அது எங்க போகும்னு ஒனக்குத் தெரியாதா காஷ்பார்?"

"எப்பவும் போற எடத்துக்குத்தான்."

"அங்க எம்பொண்ணு இருக்கா."

"இங்க நூறு குடும்பம் இருக்கு. ஒம்பொண்ணுக்காக நாங்க மண்ணத் திங்கணுமா?"

அப்படிப் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதல் கல் கூரையில் விழுந்தது. கயிற்றைப் பிடுங்கப் போனேன். அப்போது குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மணி கேட்டது. இரண்டு வெட்டு, ஒரு நீண்ட இழுப்பு. அக்காவின் கைத்தாளம் அது. பெர்கெஷில் அப்படி அடிக்க ஒருத்தியால்தான் முடியும்.

"பெத்தவ தலையிலயே தள்ளிவிடுறா பாரு, கழுத," என்றாள் அக்கா. சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. கயிற்றை இழுத்தாள். அப்படி அவள் அடித்து நான் கேட்டதே இல்லை.

எங்களுக்குப் பாதி போனது, அவர்களுக்கும் பாதி போனது.

ஞாயிற்றுக்கிழமை வில்மா வந்தாள். தாய்க்கும் மகளுக்கும் கயிறு அறுத்த இரண்டு கையிலும் துணிக்கட்டு. கத்தி பிடிக்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் ரொட்டி வெட்டிக் கொடுத்தேன்.

"அடுத்த தடவ நீ முதல்ல நிறுத்தும்மா," என்றாள் வில்மா.

"நீ நிறுத்துடி."

இருவரும் மேற்கே பார்த்துக்கொண்டே மென்றார்கள்.